பசை டின் கவிழ்ந்தால், தீப்பிடித்தால்: வட சென்னைப் பட்டறைகளுக்கான கேள்வி பதில்

பெரியமேட்டுத் தோல் கடைகளை ஒட்டிய செருப்பு, பைப் பட்டறைகள், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்து சோபா கடைகள், மைக்கா ஒட்டும் தச்சர்கள், போர்டு அடிக்கிறவர்கள், தெருமுனைப் பஞ்சர் கடைகள் என்று வட சென்னையில் பசை டின் இல்லாத தெரு குறைவு. பட்டறைக்காரர்களும், அங்கே வேலை செய்கிறவர்களும், மாடியில் குடியிருக்கிறவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. வேலையில்லாத ஒரு நாளில் எல்லோரும் உட்கார்ந்து சத்தமாகப் படித்துவிடுங்கள். டின் கவிழ்ந்த பிறகு படிக்க நேரம் இருக்காது.

எல்லாப் பசையும் தீப்பிடிக்குமா?

இல்லை. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை தண்ணீரில் கரைத்தது. அது கொட்டினால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். நாம் பேசுவது மஞ்சளாக, தேன் பதத்தில், டின்னைத் திறந்ததுமே மூக்கைத் துளைக்கிற பசையைப் பற்றி. ரப்பர் சொல்யூஷன், எஸ்.ஆர். (சிந்தெடிக் ரப்பர்) பசை, நியோப்ரீன், பி.யூ. (பாலியூரித்தேன்) சொல்யூஷன், சோபாவுக்கு அடிக்கிற ஸ்பிரே பசை எல்லாம் இதில் சேரும். இவற்றைத் தளர்த்த ஊற்றும் தின்னரும் அப்படியே. டின்னில் சிவப்புச் சாய்சதுரமும் தீச்சுடர் படமும் இருந்தால் கீழே வருவதெல்லாம் அதற்குப் பொருந்தும்.

"கெட்டியாத்தானே இருக்கு, பெட்ரோல் மாதிரியா எரியப்போவுது?"

பெட்ரோல் மாதிரியேதான். பசை கெட்டியாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள ரப்பர். அந்த ரப்பரைக் கரைத்து வைத்திருப்பது டொலுவின், ஹெக்சேன், அசிட்டோன், எத்தில் அசிடேட் போன்ற சால்வென்ட்கள். பசை காய்வது என்றால் இவை ஆவியாகிக் காற்றில் கலப்பது. தீப்பொறி பட்டதும் முதலில் எரிவது இந்த ஆவிதான்.

எந்த வெப்பநிலையில் இவை தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் என்று பாருங்கள். டொலுவினுக்கு சுமார் 4 டிகிரி செல்சியஸ் போதும். எத்தில் அசிடேட்டுக்கு பூஜ்யத்துக்கும் கீழே 4 டிகிரி. அசிட்டோனுக்கும் ஹெக்சேனுக்கும் பூஜ்யத்துக்கும் கீழே 20 டிகிரியை ஒட்டி. சென்னையில் மார்கழி விடியலில்கூட அவ்வளவு குளிர் கிடையாது. அதாவது திறந்திருக்கும் ஒவ்வொரு டின்னும் வருஷம் முழுக்கத் தீப்பற்றத் தயாராகவே இருக்கிறது.

அளவு இன்னும் முக்கியம். காற்றில் நூற்றுக்கு ஒன்றே கால் பங்கு டொலுவின் ஆவி கலந்தாலே அது எரியும் கலவை. 1 லிட்டர் டொலுவின் முழுவதும் ஆவியானால் சுமார் 230 லிட்டர் ஆவி வரும். 10 அடிக்கு 8 அடி, 9 அடி உயரமுள்ள ஒரு அறையின் காற்று முழுவதையும் எரியும் நிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய இது போதும். நம் பட்டறைகளில் பாதி அந்த அளவுதான். இந்த ஆவி காற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு கனமானதால் அறை முழுக்கப் பரவாமல் தரையோடு படிந்து ஊரும். நின்றுகொண்டிருப்பவர் மூக்குக்கு வாடை லேசாக இருக்கும்போதே கணுக்கால் உயரத்தில் ஆபத்தான அளவு சேர்ந்திருக்கும். அங்கேதான் கொசுவத்தியும், பிளக் பாயின்ட்டும், கிரைண்டிங் மோட்டாரும் இருக்கின்றன.

டின் கவிழ்ந்துவிட்டது. முதலில் என்ன செய்யணும்?

நம் கை உடனே துணியைத் தேடும். சரக்கில் ஒட்டுமே, தரை பாழாகுமே என்ற பதற்றம். அந்தக் கையை நிறுத்துங்கள். கொட்டியதற்கும் பற்றுவதற்கும் நடுவே கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த நேரம் தீப்பொறியைத் தடுக்கவும் ஆட்களை வெளியேற்றவும் மட்டுமே.

"பசை கொட்டிடுச்சு, வெளிய வாங்க" என்று உரக்கக் கத்துங்கள். பீடி, ஊதுவத்தி, சாமி விளக்கு, டீ போடும் ஸ்டவ், ஹீட் கன், அயர்ன் பாக்ஸ், வெல்டிங் எதுவாக இருந்தாலும் அது கொட்டிய இடத்திலிருந்து தள்ளி இருந்தால் போகிற போக்கில் அணையுங்கள். பக்கத்திலேயே எரிகிறது என்றால் குனிந்து அதை அணைக்க நிற்காமல் ஓடுங்கள். ஆவி எந்த நொடியும் அதைத் தொடும்.

கொட்டிய அறைக்குள் இருக்கும் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி. மீட்டர் பெட்டி தெருப்பக்கமோ மாடிப்படிக்கு வெளியிலோ, வாடை எட்டாத இடத்தில் இருந்தால் அங்கே மெயினை இறக்குங்கள். வாடை அங்கும் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். செல்போனை வெளியே வந்த பிறகு எடுங்கள். கதவு, ஷட்டர், ஜன்னல் எதெல்லாம் திறக்க முடியுமோ திறந்துவிட்டுப் போங்கள்.

எல்லோரும் வெளியே வந்து தலையை எண்ணிய பிறகுதான் அள்ளுவதைப் பற்றிய பேச்சு. அரை டப்பா கொட்டியிருந்தால் நீங்களே அள்ளலாம். 20 லிட்டர் டின் முழுக்கக் கவிழ்ந்து, அறையும் அடைசலாக இருந்தால் 101-ஐ அழைத்துவிட்டு வெளியிலேயே இருங்கள்.

ஃபேன் போட்டா வாடை சீக்கிரம் போயிடுமே?

போடக் கூடாது. சாதாரண ஃபேன் மோட்டாரும் ரெகுலேட்டரும் பொறி விடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அறைக்குள் போய் அதை அணைக்காதீர்கள், வெளி மெயினில்தான் நிறுத்த வேண்டும். கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

எதை வைத்து அள்ளுவது? மரத்தூள் நிறைய இருக்கே.

மரத்தூள் பசையை நன்றாகவே உறிஞ்சும். ஆனால் அதுவே எரியும் பொருள். சால்வென்டில் ஊறிய மரத்தூள் குவியலை அறைக்குள் உருவாக்குவதும் விறகு அடுக்குவதும் ஒன்று. காய்ந்த மணல்தான் சரி. முதலில் கொட்டியதைச் சுற்றி மணலால் வரப்பு போட்டுப் பரவாமல் தடுங்கள், பிறகு நடுவில் போடுங்கள். இரும்பு முறம், இரும்புக் கரண்டி வேண்டாம். சிமென்ட் தரையில் உரசினால் பொறி வரும். மரச்சட்டமோ கெட்டி அட்டையோ போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நைலான் துணியை இழுத்து உரசாதீர்கள். காய்ந்த நாட்களில் நிலைமின்சாரப் பொறி ஒன்றே போதும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கொட்டிய பசையின் மேலே சீக்கிரமே தோல் போல ஒரு படலம் கட்டும். காய்ந்துவிட்டது என்று தோன்றும். அடியில் ஈரம் அப்படியே இருக்கும். சுரண்டியதும் புதிதாக ஆவி கிளம்பும். ஆகவே படலம் கட்டியது என்று நம்பி யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம்.

மிச்சத்தைத் தின்னர் ஊற்றிக் கழுவுவது கொட்டியதை விடப் பெரிய ஆபத்து. தரையில் கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

அள்ளிய மணலை எங்கே போடுவது?

மூடியுள்ள தகர வாளியில் போட்டு, மூடி, வெயில் படாத திறந்தவெளியில் வையுங்கள். அதன் மேல் "பசைக் கழிவு, தீப்பற்றும்" என்று எழுதுங்கள். மாநகராட்சிக் குப்பை வண்டியில் மட்டும் போடாதீர்கள். அது போய்ச் சேருவது கொடுங்கையூர். அங்கே குப்பை மேடு பற்றி எரிந்து அந்தப் புகையைச் சுற்றுவட்டாரமே சுவாசித்த நாட்கள் நமக்குத் தெரியும். பசைக் கழிவு சட்டப்படி அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் அதை ஏற்றுக் கையாளும் நிலையம் இருக்கிறது. சின்னப் பட்டறை தனியாக வண்டி வைத்து அனுப்ப முடியாதுதான். ஒரு தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து சேர்த்து வைத்து அனுப்பலாம், சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

சாக்கடையிலோ சம்ப்பிலோ இறங்கிவிட்டால்?

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். கனமான ஆவி பள்ளத்தைத் தேடிப் போகும். சம்ப், கழிவுநீர்க் குழி, தெருவின் பாதாள சாக்கடை எல்லாமே பள்ளம். இங்கே ஊற்றியது நாலு வீடு தள்ளி ஒரு குளியலறை ஓட்டையில் வாடையாக வெளிவரலாம், அங்கே ஒரு அடுப்பு இருக்கலாம். தீ அந்த ஆவி வழியாகவே திரும்பி உங்கள் அறைக்கும் வரும்.

முதல் மணல் மூட்டை எப்போதும் சாக்கடை வாய்க்குத்தான். உள்ளே போய்விட்டால் தண்ணீர் ஊற்றித் தள்ளாதீர்கள், 101-ஐ அழைத்துச் சொல்லுங்கள். சம்ப் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதோ, உள்ளே இறங்குவதோ கூடவே கூடாது. இரண்டே மூச்சில் ஆள் மயங்கி விழலாம். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார்.

தீப்பிடித்துவிட்டது. தண்ணீர் ஊற்றலாமா?

எரியும் பசை மேல் ஊற்றாதீர்கள். டொலுவினும் ஹெக்சேனும் தண்ணீரை விட லேசானவை, தண்ணீரில் கலக்காதவை. ஊற்றிய தண்ணீர் அடியில் போகும், எரியும் பசை அதன் மேல் மிதந்து வாசல் வரை வரும். வேகமாக அடித்தால் தெறித்துச் சுவரிலும் உடம்பிலும் ஒட்டிக்கொண்டு எரியும். ஈர மணலும் இப்படியே தெறிக்க வைக்கும், அதனால் மணல் வாளியை மழையில் நனையவிடாதீர்கள். தண்ணீருக்கு ஒரே வேலை: எட்ட நின்று, தீ இன்னும் தொடாத டின்களைக் குளிர வைப்பது. அதையும் தீயணைப்பு வீரர்களிடம் விடுவது நல்லது, ஏனென்றால் மூடிய டின் சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடி வெடிக்கும்.

எரியுற டின்னைத் தூக்கி வெளியே போட்டுடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பட்டறையைக் காப்பாற்ற நினைக்கும் நல்ல மனசுக்காரர்தான் இதைச் செய்வார், அவருக்குத்தான் மோசமாகக் காயம்படும். நாலு அடி நடப்பதற்குள் கை சுடும், டின் நழுவும், எரியும் பசை கால் மேல் கொட்டும், காற்றில் தீ முகத்துக்குத் திரும்பும். அவர் ஓடும் பாதை வாசல் என்பதால் மற்றவர்கள் வெளியேறும் வழியும் எரியும்.

டின் நிமிர்ந்து நின்று அதன் வாயில் மட்டும் எரிந்தால், இரும்புத் தட்டையோ டின்னின் மூடியையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். மேலிருந்து போட்டால் கை சுடும். மூடிய பிறகு திறந்து பார்க்காதீர்கள். சூடு இறங்காமல் காற்று பட்டால் மறுபடி பற்றும்.

எந்தத் தீயணைப்புச் சிலிண்டர் வாங்குவது? எப்போது விட்டுவிட்டு ஓடுவது?

ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர் நம் மாதிரி பட்டறைக்குப் பொருத்தம். நுரை சிலிண்டரும் நல்லது, பசையின் மேல் போர்வையாகப் படிந்து ஆவியை அடக்கும். ஆனால் நுரையில் தண்ணீர் இருப்பதால் மின்சாரம் ஓடும் இடத்தில் ஆகாது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் திறந்த இடத்தில் காற்றில் கலைந்துவிடும், சின்ன அறையில் உங்கள் மூச்சையே அடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், முள் பச்சையில் நிற்பதும் பார்த்து வாங்குங்கள். மாட்ட வேண்டியது வாசல் பக்கம். பசை டின்னுக்குப் பின்னால் மாட்டினால் தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும்.

வாசலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பின்னை இழுத்து, எட்டடி தள்ளி நின்று, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து இடமும் வலமுமாக அடியுங்கள். கிட்டே போய் அடித்தால் வேகத்தில் பசை சிதறும். 6 கிலோ சிலிண்டர் அரை நிமிடம்கூட வராது. பவுடர் தீயை அணைக்கும், பசையைக் குளிர வைக்காது, அதனால் திரும்பப் பற்றலாம். அணைந்ததும் திரும்பி நடக்காமல் பார்த்தபடியே பின்வாங்குங்கள்.

எப்போது ஓடுவது என்பதை இன்றே முடிவு செய்து வையுங்கள். தீ ஒரு டின்னை விட்டு இரண்டாவது பொருளுக்குத் தாவினால், புகை தலை உயரத்துக்கு இறங்கினால், வாசலுக்கும் உங்களுக்கும் நடுவே தீ வந்துவிடும் போல இருந்தால், ஒரு சிலிண்டர் காலியாகியும் அணையாவிட்டால், போய்விட வேண்டும். நியோப்ரீன் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அது தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். பி.யூ. பசையும் சோபா ஃபோமும் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு சயனைடு வாயுவும் வரும். ஈரத்துணி முகத்தில் கட்டினால் இவை எதையும் தடுக்காது. குனிந்தபடி வெளியேறி, முடிந்தால் கதவைச் சாத்துங்கள்.

உடம்பில் பசையோடு தீப்பிடித்தால்?

ஓடக் கூடாது. அவரைக் கீழே படுக்க வைத்து உருட்டுங்கள், பருத்திப் போர்வை அல்லது சாக்கால் கழுத்திலிருந்து கீழ்நோக்கி மூடி அழுத்துங்கள். தீ அணைந்ததும் சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓடவிடுங்கள். இங்கே தண்ணீர் அவசியம், தயங்காதீர்கள். மோதிரம், காப்பு, வாட்சை வீங்குவதற்குள் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிப்போன பசையையும் துணியையும் பிய்க்காதீர்கள். பேஸ்ட், இங்க், இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி 108-ல் அனுப்புங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். தீக்காயத்துக்கென்று பெரிய பிரிவு இருப்பது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில்.

காயமே இல்லாமல் புகையை மட்டும் சுவாசித்தவரையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

வாடையில் மயங்கினால்? கண்ணில் பட்டால்? குழந்தை குடித்துவிட்டால்?

மயங்கியவரை நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கண்ணை 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, சால்வென்ட் நுரையீரலுக்குள் போய்விடும். டின்னையோ அதன் லேபிளையோ எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"101-க்குப் போன் பண்ணா லைசென்ஸ் எங்கேன்னு கேப்பாங்களே?"

வெளியே யாரும் சொல்லாவிட்டாலும் பல பட்டறைகளில் உள்ளுக்குள் ஓடும் கேள்வி இது. நாமே அணைத்துவிடலாம் என்று சிலிண்டர் தீரும் வரை பார்த்துவிட்டுப் பிறகு அழைப்பதால்தான் ஒரு டின் தீ ஒரு கட்டடத் தீயாகிறது. பேப்பர் விவகாரம் நாளைக்குப் பேசித் தீர்க்கக்கூடியது. மாடியில் தூங்கும் குழந்தைகள் விஷயம் அப்படி இல்லை. தீ தெரிந்த அந்த நொடியே அழையுங்கள், நீங்களே அணைத்துவிட்டாலும் பரவாயில்லை. 101 கிடைக்காவிட்டால் 112.

பேசும்போது "பசை, தின்னர் எரியுது" என்று முதலிலேயே சொல்லுங்கள், நுரையோடு வருவார்கள். எத்தனை டின், உள்ளே ஆள் இருக்கிறார்களா, கேஸ் சிலிண்டர் உண்டா, மெயின் ரோட்டில் எந்த அடையாளத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். நம் சந்துகளில் பெரிய வண்டி நுழைவதே பாடு. ஒருவர் மெயின் ரோட்டில் நின்று கையாட்டட்டும், இரண்டு பேர் சந்தில் நிற்கும் பைக்குகளை நகர்த்தட்டும்.

ராத்திரி பட்டறையிலேயே ஆட்கள் படுக்கிறார்கள். என்ன செய்ய?

படுக்க விடாதீர்கள். வேறு இடம் தர முடியாத முதலாளி, டின்களையாவது வெளியே தனி அறையில் வைக்கட்டும். வெளியிலிருந்து ஷட்டரைப் பூட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பையன்களுக்கு இங்கே எழுதியிருப்பதை அவர்கள் மொழியில் யாராவது சொல்லிக் கொடுங்கள்.

மீன்பாடி வண்டியிலிருந்தோ லாரியிலிருந்தோ ரோட்டில் விழுந்தால்?

எஞ்சின்களை அணைத்து ஆட்களை விலக்குங்கள். சிவப்புச் சாய்சதுரமும் 1133 என்ற எண்ணும் லாரியில் இருந்தால் அது எரியும் பசை. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து வெளியிடும் அவசர வழிகாட்டிக் கையேடு இதற்குச் சுற்றிலும் 50 மீட்டர் விலகச் சொல்கிறது. பெரிய அளவில் கொட்டினால் காற்று போகும் திசையில் 300 மீட்டர். டேங்கர் தீயில் சிக்கினால் எல்லாப் பக்கமும் 800 மீட்டர். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கோடை மதியத்தில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும், வாடை மேற்கே போகும். அப்போது கடல் பக்கமாக விலகுங்கள். இரவில் காற்று மாறும், பறக்கும் துணியையோ கொடியையோ பார்த்து முடிவெடுங்கள்.

மழைத் தண்ணீர் பட்டறைக்குள் வந்தால்?

கசியும் டின்னின் பசை தண்ணீர் மேல் படலமாக மிதந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே டின்களை இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றி, உருளாமல் கட்டி வையுங்கள்.

எவ்வளவு ஸ்டாக் வைக்கலாம்?

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், திரவ ஹைட்ரோகார்பன் கலந்த எரியும் கலவை கூழாக இருந்தாலும் அதைப் பெட்ரோலியக் கணக்கில்தான் சேர்க்கிறது. டொலுவின், ஹெக்சேன் பசைகள் இதில் வரும். 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றுவது முதல் வகுப்பு. விற்பனைக்கு அல்லாமல், மொத்தம் 30 லிட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் மட்டுமே உரிமம் தேவையில்லை. அதையும் இறுக மூடிய கலத்தில், தகரமானால் 25 லிட்டருக்கு மிகாமல் வைக்க வேண்டும். என் கருத்தில், வேலை செய்யும் அறைக்குள் அன்றைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு டப்பாகூட இருக்கக் கூடாது.

தீ அணைந்த பிறகு எப்போது உள்ளே போகலாம்?

தீயணைப்பு அதிகாரி சரி என்று சொன்ன பிறகு. சூடான டின் திரும்பப் பற்றலாம், சுவரில் படிந்த கரி ஈரம்பட்டால் அமிலமாக அரிக்கும். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினை ஏற்றாதீர்கள். ஒரே ஒரு தடவை அழுத்திய பவுடர் சிலிண்டரையும் அன்றே நிரப்பக் கொடுங்கள், வால்வில் பவுடர் சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். அது நிரம்பித் திரும்பி வந்து வாசலில் மாட்டும் வரை புது டின் எதையும் உடைக்காதீர்கள்.